வட்டவளை மழையும் கழிவின் கணக்கும்

இலங்கையில் அதிக மழை பெய்யும் இடம் எது என்று மலையகத்துப் பாடசாலைப் பிள்ளை ஒன்றிடம் கேட்டால், வட்டவளை என்று தயங்காமல் பதில் வரும். ஆண்டுச் சராசரி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். நாவலப்பிட்டியிலிருந்து ஹற்றன் நோக்கி ஏறும் புகையிரதம் கலபொடவைக் கடந்ததும் பயணிகள் யன்னல்களை இழுத்து மூடத் தொடங்குவார்கள். அந்த மழை தேயிலைக்கு நல்லது. சரிவுகளில் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் வாழ்வோருக்கு அது என்ன செய்கிறது என்பதை எழுபதுகளின் பிற்பகுதியில், தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்த காலத்தில், ஒரு செய்திக்காக அங்கே போனபோதுதான் முதன்முதலாகக் கண்டேன்.

போனது ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றி எழுத. தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். இருபது காம்பராக்கள் கொண்ட லயத்துக்கு மலசலகூடங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றுக்குக் கதவில்லை. குழி சரிவின் மேற்பக்கம், குடிநீர்ப் பீலி கீழ்ப்பக்கம். முந்திய இரவின் மழையில் குழி நிரம்பி வழிந்த தடம் பீலியடிவரை தெரிந்தது. என்னை அழைத்துச் சென்றவர் அத்தோட்டத்தில் வாசல்கூட்டியாக நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்தவர். லயத்து வாசலையும் கானையும் கூட்டி, கக்கூசைக் கழுவுவதே வாசல்கூட்டியின் வேலை. பெரும்பாலான தோட்டங்களில் அது சக்கிலியர் சாதியாருக்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். “ஐயா, வேலநிறுத்தத்தப் பத்தி எழுதுங்க, அதோட இதையும் ஒரு வரி எழுதுங்க” என்றார் அவர். எழுதினேன். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அந்த வரி வெட்டப்பட்டது.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வழக்கு இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் பழைய நூல்களையும் அறிக்கைகளையும் புரட்டும்போதுதான் அறிந்துகொண்டேன். வழக்கின் பொருள் மிக எளிது. மனிதர் வாழும் இடத்தில் கழிவு சேரும். அதை அகற்றச் செலவாகும். அந்தச் செலவு யாருடையது?

கோப்பிக் காலத்திலேயே இந்த வாக்குவாதம் தொடங்கிவிட்டது. தமிழகத்திலிருந்து நடந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் வாந்திபேதிக்கும் வயிற்றுளைவுக்கும் மடிந்துகொண்டிருந்தார்கள். வில்லியம் கிறகரி ஆளுநராக வந்த 1872ஆம் ஆண்டில் கோப்பி மாவட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்டங்களில் இருந்த துரைமாரின் குழுக்களிடமே விடப்பட்டது. செலவு செய்ய வேண்டியவர்களே செலவைத் தீர்மானித்தால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. அந்த ஏற்பாடு பயன் தராததால் 1880ஆம் ஆண்டளவில் அரசாங்கம் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்தது. 1912இல் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றியும் நோய்கள் பற்றியும் இரண்டு சட்டங்கள் வந்தன. லயங்களின் சுகாதாரத்தைக் கவனிக்கும் கடமை சட்டப் புத்தகத்தில் ஏறியது. மலையில் ஏறியதா என்பது வேறு கேள்வி.

இங்கேதான் கொழுக்கிப்புழு கதைக்குள் வருகிறது. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1913இல் தனது பன்னாட்டுச் சுகாதாரப் பிரிவைத் தொடங்கி, கொழுக்கிப்புழுவை ஒழிப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. தோட்டத்துரைமாருக்கும் குடியேற்ற அரசாங்கத்துக்கும் இது மகிழ்ச்சியான செய்தி. 1916 ஜனவரியில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை ஆரம்பமானது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது.

அந்தப் புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் விளக்கினால்தான் பிறகு நடந்த சச்சரவு புரியும். நோயாளியின் மலத்தோடு முட்டை வெளியேறுகிறது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் சில நாட்களில் அது குடம்பியாகி, செருப்பில்லாத பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக வயிற்றுக்கு இறங்கி, சிறுகுடலில் கொழுவிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. ஆளைக் கொல்வதைவிட ஆளை வற்றச் செய்வதே அதன் தொழில். தேயிலைச் செடிகளுக்கிடையில் வெறுங்காலோடு நின்று கொழுந்து பறிக்கும் பெண், மழை ஓயாத சரிவு, மறைவிடம் தேடித் தேயிலைக்குள்ளேயே ஒதுங்க வேண்டிய நிலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தைவிட அந்தப் புழுவுக்கு வேறு சொர்க்கம் வேண்டியதில்லை. இரத்தசோகை பிடித்த கர்ப்பிணியின் பிரசவம் எப்படி முடியும் என்பதைத் தோட்டத்து மருத்துவச்சிகள் எந்த அறிக்கையும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

மருந்து இருந்தது. கெனொப்போடியம் என்ற எண்ணெயைக் கொடுத்துப் பேதியாக்கினால் புழு விழுந்துவிடும். ஆனால் அதே ஆள் மறுநாள் அதே மண்ணில் நடந்தால் புழு திரும்பவும் ஏறிக்கொள்ளும். ஆகையால் மருந்துக்கு முன்னால் மலசலகூடம் வேண்டும் என்று மன்றத்தின் வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். அதற்குத் தாங்கள் காசு தரமாட்டோம் என்பதும் அவர்களது கொள்கை. செய்து காட்டுவது எங்கள் பங்கு. கட்டுவதும் காப்பதும் நாட்டின் பங்கு என்றார்கள். அரசாங்கம் தோட்டத்தைப் பார்த்தது. தோட்டம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தது.

மருந்தைத் துரைமார் விரும்பியே வரவேற்றனர். இரத்தம் ஊறிய தொழிலாளி கூடுதலாக வேலை செய்வான்; அதில் இலாபம் கண்ணுக்குத் தெரிந்தது. மலசலகூடம் கட்டச் சொன்னபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. செலவு தாங்காது, யுத்தகாலத்தில் பொருட்களின் விலை ஏறிவிட்டது என்பது ஒரு காரணம். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் அவற்றைப் பயன்படுத்தமாட்டார்கள், அது அவர்களது பழக்கத்தில் இல்லை என்பது மற்றக் காரணம். முதற் காரணத்திலாவது ஓரளவு நேர்மை உண்டு. இரண்டாவதை நான் இன்றுவரை வேறு வேறு குரல்களில் கேட்டுவருகிறேன். லயத்திலிருந்து எட்டி, விளக்கில்லாமல், தண்ணீரில்லாமல், பத்துக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கட்டிய கூடத்துக்கு இரவில் ஒரு பெண் போகாவிட்டால் அது பழக்கக் குறையா, கட்டிடக் குறையா? (தோட்டத்து மக்கள் வாயில் வழங்கும் ‘கக்கூஸ்’ என்ற சொல் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. பெயரை ஒல்லாந்தர் தந்துவிட்டுப் போனார்கள். கட்டிடத்துக்குத்தான் இத்தனை இழுபறி.)

துரைமாரின் குரல் மலைக்குள் அடங்கிய குரலன்று. 1854இல் கண்டியில் தொடங்கிய அவர்களது சங்கம் நாட்டின் வலிமை மிக்க அமைப்புகளில் ஒன்று. சட்டநிரூபண சபையில் அவர்களுக்கென்று ஓர் ஆசனமும் இருந்தது. தொழிலாளிக்குச் சபையில் ஆளில்லை. தஞ்சாவூர்க்காரரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் 1925இல் சபைக்குள் நுழைந்த பின்னரே அந்தப் பக்கத்துக் குரல் கேட்கத் தொடங்கியது. ‘தேசநேசன்’ ஆசிரியராக அவர் எழுதியவை இன்றும் படிக்கத் தக்கவை. தோட்டத்துக்குள் போய் ஒரு செய்தி சேகரிப்பதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. துணி வியாபாரிபோல் வேடமிட்டு லயங்களுக்குச் சென்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். என் போன்றோர் புகையிரதத்தில் போய் இறங்கி எழுதியதையே பெரிய காரியமாக நினைத்துக்கொண்டிருந்தோம்!

மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. மலசலகூடம் அரைகுறையாக நின்ற இடங்களில் புழு திரும்பி வந்தது. மறுபடி மருந்து. இருபதுகளின் நடுப்பகுதிக்குள் மன்றத்தின் கவனம் தோட்டத்தை விட்டுக் கிராமத்தின்பால் திரும்பிவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, நோய் வருமுன் காக்கும் பொதுச் சுகாதார முறைக்கு ஆசியாவிலேயே முன்னோடிகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பரிசோதகர், பயிற்றப்பட்ட மருத்துவச்சி, கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி என்ற விதி எல்லாம் அங்கிருந்து நாடெங்கும் பரவின. இலங்கையின் சுகாதாரக் குறிகாட்டிகளை உலகம் பாராட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பாதை தோட்டத்து வாயிலில் நின்றுவிட்டது. உள்ளே இருப்பது துரையின் பொறுப்பு.

இந்த ‘உள்ளே’ என்ற சொல்லே அடுத்த எண்பது ஆண்டு அரசியலின் திறவுகோல். 1931இல் சர்வஜன வாக்குரிமை வந்தபோது இந்தியத் தமிழரில் ஒரு பகுதியினருக்கே அது கிடைத்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தப் பகுதியும் கிராமச் சபை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. உள்ளூராட்சி அமைச்சர் அப்போது எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. இந்தியத் தொழிலாளர் என்று இனத்தைச் சுட்டி விலக்குவது கண்டிக்கப்படவே, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் அனைவரும் என்று வாசகம் மாற்றப்பட்டது. பொருள் மாறவில்லை. தோட்டம் கிராமச் சபைக்கு வரி கொடுப்பதில்லை, தோட்ட மக்களின் தேவைகளைத் தோட்டமே கவனிக்கிறது, ஆகவே அவர்களுக்கு அந்த வாக்கு எதற்கு என்பது வாதம். வரி கொடுக்காத துரைக்கு இலாபம். வாக்கைப் பகிர விரும்பாத கிராமத்து அரசியல்வாதிக்கும் இலாபம். எதிரிகள் என்று பேர்பெற்ற இரு தரப்பாரும் இந்த ஒரு விடயத்தில் மனமொத்துப் போனார்கள்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் நாடாளுமன்ற வாக்கையும் பறித்த கதையை நான் மீண்டும் விரிக்கத் தேவையில்லை. வாக்கில்லாத மனிதரின் கானை யார் வெட்டிவிடுவார்கள்? 1975இல் துரைமாரின் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் போனது. இடைப்பட்ட காலத்திலும் பிறகும் வெளிநாட்டு உதவித் திட்டங்களே லயங்களுக்குப் புதிய மலசலகூடங்களைக் கட்டின. றொக்பெல்லர் மன்றம் மறுத்த செலவை அரை நூற்றாண்டுக்குப் பின் வேறு வெளிநாட்டார் ஏற்றார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குடியுரிமை திரும்பக் கிடைத்த பின்னரும் ‘உள்ளே’ மறையவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளின் தேவைகளுக்குச் செலவிட இடம் தரவில்லை. தோட்டத்துப் பெண் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம், ஆனால் அந்தச் சபை அவளது லயத்துப் பாதையில் ஒரு கல் பதிக்கவோ ஒரு குப்பைக் குழி வெட்டவோ சட்டம் தடையாக நின்றது. மூன்று தசாப்தங்கள் இது நீடித்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டு, தோட்ட நிர்வாகத்துடன் கலந்து பேசி அங்கு சேவை வழங்கச் சபைகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் நடந்த தேர்தலுக்கு முன்னர் வட்டவளை அடங்கிய அம்பகமுவைப் பிரதேச சபையிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா என இரு புதிய சபைகள் பிரிக்கப்பட்டன. நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச சபைகள் ஒன்பதாயின. மக்கள்தொகைக்கேற்பச் சபைகள் வேண்டும் என்று மலையகம் நெடுங்காலம் கேட்டுவந்ததன் விளைவு அது.

சட்டம் பூட்டியிருந்த முப்பது ஆண்டுகளுக்குள் கழிவே மாறிவிட்டது. நான் முதலில் கண்ட லயத்தில் குப்பை என்றால் சாம்பல், மரக்கறித் தோல், மாட்டுச் சாணம். அவை வாசல் தோட்டத்துக்கு உரமாயின. இன்று ஷம்பூ, சவர்க்காரத்தூள், பிஸ்கட் எல்லாம் நாட்சம்பளக்காரரின் கைக்கு ஏற்றபடி சின்னச் சின்னப் பொதிகளில் வருகின்றன. அந்தப் பொதிகள் மக்குவதில்லை. கானில் அடைத்து, வட்டவளை மழையில் அடித்துக்கொண்டு மகாவலி ஓயாவுக்கு இறங்குகின்றன. கினிகத்தேனை முகட்டுக்கு அப்பால் விழுவன கெஹெல்கமு ஓயாவோடு களனி கங்கைக்குப் போகும். களனியின் நீரைத்தான் அம்பத்தலையில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. மலையகத்து நகரங்களின் நெருக்கடி இன்னொரு விதம். ஹற்றனோ தலவாக்கலையோ நான்கு பக்கமும் தேயிலையால் சூழப்பட்ட சிறு நகரங்கள். குப்பை கொட்டச் சபைக்குச் சொந்த நிலமில்லை. எங்கே கொட்டினாலும் அது ஏதோ ஒரு தோட்டத்தின் ஓரமாக, ஏதோ ஒரு லயத்தின் மேலாகத்தான் இருக்கும்.

இதைச் சீர்ப்படுத்த முற்படும்போது எழும் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள மலையை விட்டுக் கொழும்புக்கு இறங்க வேண்டும். 1990களில் உலக வங்கியின் உதவியோடு கொழும்புக்கருகே முறையான நிலநிரப்பு ஒன்றை அமைக்க முயன்றார்கள். அடியில் நீர்புகாத் தளமிட்டு, கசியும் நீரைச் சேர்த்துச் சுத்திகரித்து, அன்றாடம் மண்ணால் மூடும் முறை அது. தெரிவுசெய்த இடங்களில் எல்லாம் மக்கள் எதிர்த்தனர். அரசியல்வாதிகள் அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் போய் நின்றனர். திட்டம் கைவிடப்பட்டது. குப்பை மட்டும் கைவிடப்படவில்லை. அது புளூமெண்டாலுக்குப் போனது. அந்த இடமும் மூடப்பட்டபின் 2009இலிருந்து மீதொட்டமுல்லைக்குப் போனது. தற்காலிகம் என்று சொல்லிக் கொட்டத் தொடங்கிய இடம் நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் பெற்று மலையாக வளர்ந்தது. சுற்றி வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். எதிர்க்கட்சியில் இருந்தபோது அவர்களோடு தெருவில் நின்றவர்கள் ஆட்சிக்கு வந்ததும் லொறிகளை அனுப்பினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்துப் பிற்பகலில் அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பலகாரத் தட்டுகளோடு உறவினர் வீட்டுக்குப் போகிற நாள் அது.

சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் பிரகடனம் செய்தார். எதிர்ப்போரைக் கைதுசெய்யலாம் என்றானது. பிறகு 170 கிலோமீற்றருக்கு அப்பால் புத்தளத்தின் அருவக்காட்டில் நிலநிரப்பு அமைத்தார்கள். அங்கும் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து போராடினார்கள். 2019 ஓகஸ்ட்டில் கொழும்புக் குப்பை அங்கே போகத் தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அங்கு ஒரு வெடிப்பும் நிகழ்ந்தது. மறுபக்கம், தொம்பேயில் கொரிய உதவியோடு 2015இல் திறக்கப்பட்ட நிலநிரப்பும், 2021இல் கெரவலப்பிட்டியில் இயங்கத் தொடங்கிய, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் செய்ய முடியும் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

குப்பைத் திட்டத்தை எதிர்ப்பவர் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்த நான் தயாராக இல்லை. மீதொட்டமுல்லை மக்கள் எதிர்த்தது சரி என்பதை ஏப்ரல் 14 காட்டியது. எத்தனையோ முறை ஏமாற்றப்பட்ட புத்தளத்தார் முறையான நிலநிரப்பு என்ற வாக்குறுதியை நம்ப மறுத்ததும் எனக்குப் புரிகிறது. தன் நிலத்தில் பிறருடைய கழிவைச் சுமக்க மறுப்பவன் ஒரு வகை. தன் வேலையாட்களின் கழிவுக்கே செலவு செய்ய மறுத்த 1916ஆம் ஆண்டின் துரை வேறு வகை. முதல் வகையாரின் அச்சத்தை எடுத்துத் தன் வாக்குக்கு விறகாக்கி, மாற்று வழி எதையும் சொல்லாமல் திட்டத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போகும் அரசியல்வாதி மூன்றாவது வகை. என் ஐம்பதாண்டுப் பத்திரிகை அனுபவத்தில் செய்தியில் பெயர் வந்தவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையார்தாம். அவர்களின் மேடைப்பேச்சை நாங்களும் முதற்பக்கத்தில் போட்டோம். அந்தப் பக்கங்களில் இடம் போதாமை என்ற பிரச்சினை ஒருநாளும் எழுந்ததில்லை.

33ஆம் பிரிவு திருத்தப்பட்ட மறு ஆண்டு மீண்டும் வட்டவளைப் பக்கம் போனேன். பழைய லயம் அப்படியே இருந்தது. தகரம் புதிது. குடும்பத்துக்கொன்றாகப் பின்புறத்தில் சிறு மலசலகூடங்கள் இருந்தன. சுவரில் கட்டிய ஆண்டும் உதவிய நாட்டின் கொடியும் பாதி அழிந்து தெரிந்தன. என் பழைய வழிகாட்டி எப்போதோ காலமாகிவிட்டார். அவருடைய பேத்தி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். சபை டிராக்டர் இனி லயத்துக்கே வந்து குப்பை எடுக்கலாம் என்று பத்திரிகையில் படித்ததாகச் சொன்னாள். “வரணும்னா தொரகிட்ட பேசணுமாமே, ஐயா? யாரு பேசுறது, சபையா நாங்களா?” என்று கேட்டாள். திருத்தத்தின் வாசகத்தை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். சபைதான் பேச வேண்டும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, வாசலில் மூன்று உரப்பைகளில் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக்கை மழை படாதபடி உள்ளே இழுத்து வைத்தாள்.